வீண் பேச்சு என்று நான் போட்ட குறி

மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடலோரமாக இருக்கும் ஓர் அரசுப் பள்ளியில், முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருந்தேன். வகுப்பில் பிள்ளைகள் கலந்து பேசினால் பாடம் நன்றாக மனதில் ஏறுகிறதா என்பதுதான் தலைப்பு. செங்கல்பட்டிலிருந்து பஸ் பிடித்துப் போய், ஒன்பதாம் வகுப்பின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். யார் வாய் திறந்தாலும் என் தாளில் ஒரு குறி. பாடம் பற்றிய பேச்சுக்கு ஒரு கட்டம், வீண் பேச்சுக்கு இன்னொன்று. ஏதோ பெரிய நீதிபதி என்ற நினைப்பு எனக்கு.

கடைசி பெஞ்சில் இரண்டு பெண்கள். ஒருத்தி, டீச்சர் கேள்வி கேட்டதும் எழுந்து பளிச்சென்று பதில் சொல்வாள். பக்கத்தில் இருப்பவள் மீனவர் குப்பத்துப் பெண். எழுந்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். ஆனால் தோழியின் காதில் குசுகுசுவென்று எதையாவது ஓதிக்கொண்டே இருப்பாள். அவளுடைய வீண் பேச்சுக் கட்டம் நிரம்பி வழிந்தது.

ஒரு நாள் இடைவேளையில் டீச்சர் டீ வாங்கிக் கொடுத்து, "அப்படி இன்னாதான் மேடம் எழுதுறீங்க?" என்று கேட்டார். அந்தத் தாளை யாருக்கும் காட்டக் கூடாது என்பது எங்களுக்குப் பாலபாடம். பெருமையடித்துக்கொள்ளும் ஆசையில் காட்டிவிட்டேன். அடுத்த வகுப்பிலேயே டீச்சர் அந்தப் பெண்ணை எல்லார் எதிரிலும் திட்டி, முன் பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பளிச்சென்று பதில் சொல்கிறவளும் கேள்வி கேட்டால் திருதிருவென்று விழித்தாள். அவளிடம் விசாரித்தேன். "அவ இனிமே வர மாட்டாளாம் மிஸ். அவங்கம்மா கூட கருவாடு காய வெச்சிகினு கீறா" என்றாள்.

அவள் அப்படி என்னதான் பேசினாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. பின் ஜன்னலில் ஒரு சின்ன ரெக்கார்டர் வைத்திருந்தேன். அதுவரை அதைக் கேட்டுப் பார்த்ததே இல்லை. திரும்பும் பஸ்ஸில் காதில் மாட்டினேன். மிதத்தல் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. நடுவே அந்தக் குசுகுசுப்பு.

"எங்க போட்டு, மீன ஏத்திகினு வர்றப்ப தண்ணிக்குள்ள எறங்கியே வரும், பாத்துகிறியா? அது எவ்ளோ தண்ணிய தள்ளுதோ, அவ்ளோ வெயிட்ட தண்ணி தூக்கும்."

"அப்ப ஆணி மட்டும் ஏன்டி முழுவுது?"

"அது தள்ற தண்ணி கொஞ்சூண்டுதான்டி."

அடுத்த நொடி தோழி எழுந்து அதையே புத்தகத் தமிழில் சொல்கிறாள். டீச்சர் பாராட்டுகிறார். நான் தேடிப் போன கலந்துரையாடல் கடைசி பெஞ்சில்தான் நடந்திருக்கிறது. எனக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் டீச்சருக்கு அதைப் போட்டுக் காட்டினேன். கேட்டு முடித்ததும், "வாங்க மேடம், போய்க் கூட்டினு வரலாம்" என்று கிளம்பிவிட்டார்.

கடற்கரை மணலில் அவள் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் நிமிரவில்லை.

"என்னப் பத்தி இன்னா எழுதிகிறீங்க? படிங்க மிஸ்."

அவள் அம்மாவும் கேட்டுக்கொண்டிருக்க, தாளை எடுத்துப் படித்தேன். அவளுக்கு நேரே இருந்ததெல்லாம் 'வீண் பேச்சு' என்ற குறிகள்தான்.

"அந்தக் குறிய அடிச்சிடுங்க."

ஆய்வுத் தாளில் பதிந்ததை மாற்றவே கூடாது; என் வழிகாட்டிப் பேராசிரியர் கத்துவார். ஆனாலும் அவள் கண்ணெதிரே பேனாவால் அடித்தேன். பிறகு அவர் கத்தத்தான் செய்தார்.

அடுத்த நாள் அவள் வந்தாள், அதே கடைசி பெஞ்சுக்கு. இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். எனக்குப் பட்டமும் கிடைத்துவிட்டது. ஆனால் நன்றாகப் படிக்கிற ஒரு பெண்ணை மூன்று நாள் மணலில் உட்கார வைத்தவள் நான்தான் என்பதை ஆய்வேட்டின் எந்தப் பக்கத்திலும் எழுதத் துணியவில்லை. அந்த உறுத்தல்தான் இன்று இதை எழுத வைத்திருக்கிறது.