நீலப் பெருக்கல் குறி

என் வீட்டுக்காரருக்கு அலுவலகத்தில் பாம்புச்செவி என்று பெயர். குடிநீர் வாரியத்தில் வேலை. வேலை என்றால், விடியற்காலையில் தெருத் தெருவாகப் போய் ரோட்டுக்குக் காது கொடுப்பது. இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி, அதன் மேல்முனையில் கிண்ணம் போலக் குடைந்த ஒரு மரக்கட்டை. கம்பியைத் தரையில் ஊன்றி, கட்டையில் காதைப் பொருத்திக் கண்ணை மூடிக்கொள்வார். பூமிக்குள் குழாய் எங்கே கசிகிறது என்று சொல்லிவிடுவார். அந்த இடத்தில் நீலப் பெயின்ட்டால் ஒரு பெருக்கல் குறி போடுவார். மறுநாள் மேஸ்திரி ஆட்களோடு வந்து தோண்டிக் கசிவை அடைப்பார்.

இருபத்தாறு வருஷத்தில் ஒரு குறிகூடப் பொய்த்ததில்லை என்று பேர். இதை அவர் வாயால் சொல்ல மாட்டார். ஆனால் வேறு யாராவது சொன்னால், கேட்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு முழுசாகக் கேட்பார். மனிதருக்குக் கர்வப்பட அது ஒன்றுதான் இருந்தது. சட்டைக்குப் பட்டன் தைக்கத் தெரியாது, கடையில் பேரம் பேசத் தெரியாது. ஆறடி மண்ணைத் துளைத்துக் கேட்கிற அந்தக் காதுக்கு, அடுத்த அறையிலிருந்து கேஸ் தீர்ந்துவிட்டது என்று நான் கத்துவது மட்டும் ஏறாது.

நானும் காதை வைத்துப் பிழைப்பவள்தான். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். ஜன்னல் இல்லாத அறை, ஒரு சுழல் நாற்காலி, தலையில் ஒரு ஹெட்போன். காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை யாராவது எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். டாக்டர் வந்துவிட்டாரா, படுக்கை இருக்கிறதா, நேற்று ராத்திரி சேர்த்த என் அம்மா எந்த வார்டில் இருக்கிறாள். சிலர் அழுவார்கள், சிலர் திட்டுவார்கள். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் நான் யாரோடும் பேச மாட்டேன். இவரும் பேச மாட்டார். ஒரு கூரையின் கீழ் இரண்டு களைத்த காதுகள் உட்கார்ந்திருக்கும்.

மகள் கல்யாணமாகி விமானத்தில் போகிற தூரத்துக்குப் போனாள். அங்கிருந்து அருவி, பனிமலை, ஏரி என்று படம் படமாக அனுப்பினாள். எனக்குப் பொறாமை வந்தது. பெற்ற மகளிடமே பொறாமையா என்று கேட்டால், ஆமாம்.

"நாமளும் எங்கயாவது போலாங்க," என்றேன்.

"வெயில் காலத்துலதான் பைப் உடையும். எனக்கு எங்க லீவு?"

"எப்பக் கேட்டாலும் இதே பாட்டுதான்."

"தூரமா போறதுக்குத்தான் லீவு வேணும். பக்கத்துல போறதுக்கு ஞாயித்துக்கிழமை போதாதா?" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அந்த ஞாயிறு விடியும் முன்பே என்னை எழுப்பிவிட்டார். பிளாஸ்கில் டீயை ஊற்றிக்கொண்டு தூக்கக் கலக்கத்தில் பின்னால் நடந்தேன். ரோடு போகாத இடத்துக்கெல்லாம் குழாய் போகும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பெரிய குழாய் ஒன்றின் மேலேயே நடந்து, ரயில் பாதையின் அடியிலிருந்த சின்ன வழியில் குனிந்து மறுபக்கம் வந்தோம். அங்கே ஆள் உயரத்துக்கு நாணல். வெள்ளைப் பூக்கள் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து, மெல்ல நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தன. நடுவில் நின்றால் நாம்தான் ஆடுகிறோமோ என்று தோன்றும். வீட்டிலிருந்து இருபது நிமிஷம்.

"முப்பது வருஷமா இங்கதான் இருக்கேன். இத்தனை நாளா ஏங்க சொல்லல?"

"நீ கேக்கலயே," என்றார்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் போனோம். மேட்டில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு சரிவு உண்டு. விடிந்து ஒரு மணி நேரம் வரை மூடுபனி அங்கேயே படுத்திருக்கும். நாங்கள் அதற்கு மேலே உட்கார்ந்து டீ குடிப்போம். கீழே ஊர் இருப்பதே தெரியாது. மூடிப்போன செங்கல் சூளைக்குப் பின்னால் மண் எடுத்த குழியில் மழைத் தண்ணீர் தேங்கி அல்லி பூத்திருந்தது. எங்கள் பல்லைப் பிடுங்கும் டாக்டரின் வீட்டுக் கொல்லைக்கு நேர் பின்னால் அது இருந்தது. அவருக்கே தெரியாது. கனவில் நம் வீட்டிலேயே புது அறை ஒன்றைக் கண்டுபிடிப்போம் இல்லையா, எனக்கு அந்த ஞாயிறுகள் அப்படித்தான் கழிந்தன.

ஆனால் ஒரு பள்ளத்தைக் கண்டுபிடித்தது நான். வேலை முடிந்து குறுக்கு வழியில் வரும்போது, மரவாடியின் பின்சுவர் இடிந்திருந்த இடத்திலிருந்து ஜில்லென்று காற்று வந்தது. உள்ளே தலையை நீட்டினேன். கல் படிகள் கீழே இறங்கின. கடைசிப் படியில் நின்றால் மூன்று பக்கமும் பாறை, பாறை முழுக்கப் பாசி. மேலே ஒரு வெடிப்பிலிருந்து விரல் பருமனுக்குத் தண்ணீர் வழிந்து, இரண்டு கதவைப் படுக்கவைத்த அளவுக்கு ஒரு குட்டையில் விழுந்துகொண்டிருந்தது. நீல நிறத்தில் தட்டான்கள். மரம் அறுக்கும் சத்தம் மேலே எங்கேயோ நின்றுவிட்டது. நான் உட்கார்ந்தேன். எழுந்திருக்க மனம் வரவில்லை. நாள் முழுக்க என் காதில் விழுவதெல்லாம் என்னிடம் எதையாவது கேட்கும். அந்தத் தண்ணீர் ஒன்றுமே கேட்கவில்லை. எத்தனையோ நாளைக்குப் பிறகு நான் அழுதேன், அதுவும் சந்தோஷத்தில். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஞாயிறன்று இவரைக் கூட்டிப்போனேன். பாறையில் காதை வைத்துக் கேட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி பாட்டிலை எடுத்தார். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும்; அந்த மருந்தில் இரண்டு சொட்டு விட்டால் தண்ணீர் மஞ்சளாகிவிடும். உள்ளங்கைத் தண்ணீரில் சொட்டினார். நிறம் மாறவில்லை.

"இது நம்ம தண்ணி இல்ல. பூமியோட தண்ணி," என்றார்.

"மருந்து எதுக்கு? காது சொல்லலயா?"

"காது அப்பவே சொல்லிடுச்சு. மருந்து உனக்குக் காட்டத்தான்."

அதற்குப் பிறகு நாணலும் மூடுபனியும் சும்மா பேருக்குத்தான். ஒரு வருஷம் எல்லா ஞாயிறும் பள்ளத்துக்கே போனோம். வாரத்தில் ஆறு நாளும் ஆஸ்பத்திரி நாற்காலியில் நான் தாக்குப்பிடித்தது அந்த ஏழாவது நாளை நம்பித்தான்.

போன கோடையில் ஒரு ஞாயிறு படி இறங்கும்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது. சத்தமே இல்லை. குட்டை பாதியாக வற்றியிருந்தது. அடுத்த வாரம் அடிச் சேறு தெரிந்தது. பாசி பழுத்துப் பொடியாகிப் போயிருந்தது. வெயிலில் ஊற்று வற்றுவது சகஜம்தானே என்றேன். இவர் பாறையில் காதை வைத்தார். பிறகு படியேறி மரவாடியைச் சுற்றிக்கொண்டு மேட்டுத் தெருவுக்குப் போனார். கையோடு கொண்டுவந்திருந்த கம்பியைப் பத்தடிக்கு ஒருமுறை ஊன்றினார். தூக்கத்தில் நடப்பவர் மாதிரி போய்க்கொண்டிருந்தார். நானும் பின்னால் போனேன். ஒரு சலூன் வாசலில் நின்றார். ரோட்டில் புதுத் தார் கறுப்பாக ஒட்டுப் போட்டிருந்தது. அதன் ஓரத்தில், தார் மூடாமல் விட்ட ஒரு நீலக் கோடு விரல் நீளத்துக்கு எட்டிப் பார்த்தது.

அவர் முகம் சுண்டிப்போனது. வீட்டுக்குத் திரும்பினோம்.

சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவர் அவராகவே சொன்னார். இரண்டு வாரம் முன்பு அந்த இடத்தில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டிருக்கிறது. குழாய்க்குப் பக்கத்திலேயே கேட்டதால் கசிவு என்று குறி போட்டிருக்கிறார். மேஸ்திரி தோண்டியபோது ஈரமும் இருந்தது. குழாயைச் சுற்றி சிமென்ட்டைக் கொட்டி இறுக்கி மூடிவிட்டார்கள். அது குழாயின் கசிவே இல்லை. பாறை வெடிப்பு வழியாக என் பள்ளத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஊற்று.

"மருந்து விட்டுப் பாக்கலயா?"

"பையிலதான் இருந்துச்சு," என்றார். "எடுக்கல. எனக்கு எதுக்குன்னு நெனச்சேன்."

சிமென்ட்டை உடைத்தால் தண்ணீர் திரும்பலாம். உடைக்க வேண்டும் என்றால், அலுவலகப் பதிவேட்டில் அந்தக் குறி தவறு என்று அவர் கைப்பட எழுத வேண்டும். அப்படி எழுதினால் ஒரு வருஷத்துக்கு அவர் போடுகிற ஒவ்வொரு குறியையும் இன்னொருவர் வந்து கேட்டுச் சரிபார்ப்பார். அதுதான் அங்கே விதி. வேறு ஆட்களுக்கு அது நடந்து, அலுவலகமே கை கொட்டிச் சிரித்ததை இவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

"யாருக்கும் தெரியப்போறதில்லங்க," என்றேன். "விட்டுடுங்க. வேற எடம் பாத்துக்கலாம்."

நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், எனக்குப் பள்ளமும் வேண்டும், அவர் பேரும் வேண்டும். இரண்டில் ஒன்றுதான் என்று ஆனதும் நான் அவர் பேரைப் பிடித்துக்கொண்டேன். அவர் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அது பாட்டுக்குப் போய்ட்டிருந்த தண்ணிம்மா," என்றார். "நான்தான் மறிச்சேன்."

மறுநாள் எழுதிவிட்டார். இன்ஜினியர் அவர் வயசில் பாதிகூட இல்லாத பெண். நீங்க சொல்லலன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே சார் என்று கேட்டிருக்கிறாள். எனக்குத் தெரியுமேம்மா என்றாராம். ஒரு நாள் காலை, ஒரு மணி நேரம் தோண்ட அனுமதி கொடுத்தாள். மேஸ்திரிதான் புலம்பினார். "இத்தனை வருசமா உங்க குறிய நம்பித்தாண்ணே கடப்பாரை எடுத்தேன். இப்ப உங்க பேர உடைக்கவும் நானே வரணுமா?" புலம்பிக்கொண்டேதான் உடைத்தார். உள்ளே தண்ணீர் இல்லை. லேசான ஈரம், அவ்வளவுதான். சிமென்ட்டுக்குப் பதிலாகத் தண்ணீர் போக இடம் விட்டு ஜல்லியை நிரப்பி மூடினார்கள்.

முதல் ஞாயிறு போனோம். ஒன்றுமில்லை. இரண்டாவது ஞாயிறும் அப்படியே. அலுவலகத்தில் இவர் பின்னால் கம்பியோடு ஒருவரை அனுப்பினார்கள். அந்த ஆளுக்குக் காதைவிட வாய் நீளம். ஒவ்வொரு குறிக்கும், "கசிவுதானா, இல்ல மழை பேஞ்ச ஈரமா?" என்று கேட்பாராம். இவர் கம்பியை அவரிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்பார். எனக்குக் கோபம் பொங்கியது. ஆஸ்பத்திரியில் இரண்டு பேரிடம் தேவையில்லாமல் எரிந்து விழுந்தேன். பேரையும் விட்டாயிற்று, பள்ளமும் போயிற்று, என்ன மனிதர் இவர் என்று மனசுக்குள் திட்டினேன். மூன்றாவது ஞாயிறு நான் போகவில்லை. இவர் தனியாகப் போய்விட்டு வந்தார். என்ன ஆச்சு என்று நான் கேட்கவில்லை.

நாலாவது ஞாயிறு, எழுப்பாமல் கிளம்பப் போனவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பிளாஸ்கை எடுத்துக்கொண்டு நானும் போனேன். பள்ளம் வெளிறிக் கிடந்தது. காய்ந்த சேறு பாளம் பாளமாக வெடித்திருந்தது. பாறை வெடிப்புக்குக் கீழே நின்று, இவர் கம்பி இல்லாமலே, கன்னத்தைப் பாறையில் ஒட்டிக் காதை வைத்துக் கண்ணை மூடினார். மேலே மரவாடியில் ஞாயிறு என்பதால் வாள் சத்தம்கூட இல்லை. இலைகளுக்கு நடுவில் வெளிச்சம் மெல்ல இறங்கி அவர் தோள் வரை வந்தது.

"வருது," என்றார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் போய் நானும் பாறையில் காதை வைத்தேன். என் ரத்தம் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. எத்தனை பேர் சிரித்தார்களோ, அத்தனை பேர் பக்கத்திலும் அந்த நிமிஷம் நானும் போய் நின்றுவிட்டேன். ஆசையில் ஏதோ கேட்பதாக நினைக்கிறார், பாவம், என்று நினைத்தேன். இத்தனை வருஷத்தில் அவர் காதை நான் சந்தேகப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

"எனக்குக் கேக்கலங்க," என்றேன்.

"சரி. உக்காரு."

படியில் உட்கார்ந்தேன். டீ ஆறிப்போனது. வெயில் அவர் முதுகுக்கு வந்தது. போகலாங்க என்று சொல்ல இரண்டு தடவை வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். அவர் அசையவே இல்லை. நின்றுகொண்டே தூங்கிவிட்டாரோ என்றுகூடத் தோன்றியது. எழுந்து போய் அவர் தோளைத் தொட்டேன்.

அவர் முகத்தைத் திருப்பினார். பாறையில் ஒட்டியிருந்த பக்கம், காது மடலிலிருந்து கன்னம் வரை நனைந்திருந்தது. முதலில் வியர்வை என்றுதான் நினைத்தேன். அவர் காது இருந்த இடத்துக்கு மேலே, பாறையில் ஒரு கறுப்புக் கோடு மினுங்கிக்கொண்டு இறங்கியது. பாறையில் விரலை வைத்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது என் விரல் வரை வந்தது. சில்லென்று இருந்தது.

சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது, ஆனால் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. துண்டை எடுத்து அவர் காதைத் துடைக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இருக்கட்டும்," என்றார். "தொடைக்காத."