ஹாலில் ஒரு சார்ஜர், காரில் ஒரு சார்ஜர்

எதிர் வீட்டு ஹபீபுன்னிசா திருக்காட்டுப்பள்ளிக்காரி. அவளுடைய அத்தா அங்கே கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். பத்தாவதில் நல்ல மார்க். அதற்கு மேல் எதற்கு என்று வீட்டில் உட்கார வைத்து, பதினெட்டு முடிந்ததும் அய்யம்பேட்டையில் எங்கள் தெருவுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை மீரா உசேனுக்கு ஷார்ஜாவில் ஒரு குளிர்கிடங்கில் வேலை. தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கல்யாணம் அது. அப்போதெல்லாம் எங்கள் தெருவில் பகலில் கண்ணில் படும் ஆண்பிள்ளை ஒன்று கிழவராக இருப்பார், இல்லாவிட்டால் பள்ளிக்கூடப் பையனாக இருப்பான். மீதிப் பேர் சபுரில் இருந்தார்கள். பிழைக்க வெளிநாடு போவதை நாங்கள் சபுர் என்போம்.

மாப்பிள்ளை லீவு முடிந்து போன பிறகு கேசட் வர ஆரம்பித்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் பேசிப் பதிவுசெய்து, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார்கள். கேசட் வந்தால் ஹாலில் டேப் ரிக்கார்டரை வைத்து வீடே சுற்றி உட்கார்ந்து கேட்கும். நான்கூடப் போய்க் கேட்டிருக்கிறேன். அம்மாவுக்கு, தங்கைக்கு, பக்கத்து வீட்டாருக்கு என்று எல்லாருக்கும் பேசிவிட்டு, கடைசியில் "ஹபீபா, உடம்பைப் பாத்துக்க" என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரி வரும்போது எல்லாரும் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் எங்கே பார்ப்பாள், பாவம், தரையைத்தான். கேசட் போய் எஸ்.டி.டி. பூத் வந்தது. பூத் போய் வீட்டுக்கே போன் வந்தது. அதுவும் போய் செல்போன் வந்தது. காலம் எங்கேயோ போய்விட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ஹபீபுன்னிசாவுக்கு மட்டும் அது ஹாலைத் தாண்டி எங்கும் போகவில்லை.

அதற்குக் காரணம் ஒரு பிளக் பாயிண்ட். மீரா உசேன் வீட்டைப் புதுப்பித்தபோது ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், சதுரமான மூன்று முள் போகிற மாதிரி ஒரு பாக்ஸ் வைக்கச் சொன்னான். அங்கிருந்து கொண்டுவரும் அயர்ன் பாக்ஸ், மிக்ஸி எல்லாவற்றுக்கும் அந்த முள்தான். நம் ஊர் பாக்ஸில் அது நுழையாது. செல்போன் சார்ஜரும் அப்படியே. ஆகவே போன் ஹாலில்தான் சார்ஜ் ஏறும். தஞ்சாவூர்க் கடைத்தெருவில் மூலைக்கு மூலை சார்ஜர் தொங்குகிறதே, ஒன்று வாங்கினால் தீர்ந்தது என்று நீங்கள் கேட்கலாம். சபுர் வீட்டுக்காரர்களிடம் அதைக் கேட்கக் கூடாது. நம் ஊரில் விற்பதெல்லாம் டூப்ளிகேட், வெடித்துவிடும், ஒரிஜினல் அங்கிருந்துதான் வர வேண்டும். அந்த ஒரிஜினலும் சீனாவிலிருந்து வந்ததுதான் என்று நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னால், போன் ஹாலில் இருப்பது மாமியார் சைத்தூன் பீவிக்கு வசதியாக இருந்தது.

போதாக்குறைக்கு அந்த போனின் பேட்டரி உப்பிப்போய்விட்டது. வயரைப் பிடுங்கினால் அடுத்த நிமிஷம் அணைந்துவிடும். அடுத்த லீவுக்கு வரும்போது புது போன் கொண்டுவருகிறேன் என்று மீரா உசேன் சொல்லியிருந்தான். அதுவரைக்கும் பேச வேண்டுமானால் ஒரு முழ வயருக்குள் நின்றுதான் பேச வேண்டும். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. ஜும்மா முடிந்து சாப்பிட்டுவிட்டு அழைப்பான். சைத்தூன் பீவி ஸ்பீக்கரைப் போடுவாள். அடுத்த தெருவிலிருக்கும் அவளுடைய மகளும் சரியாக அந்த நேரத்துக்கு வந்து சேர்ந்துவிடுவாள். எல்லாரும் பேசி முடித்ததும் ஹபீபுன்னிசாவின் முறை வரும். அவள் பேசுவது ஒரே வார்த்தை: "சரிங்க."

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் ஆஷிகாவின் கல்யாணப் பேச்சு வந்தது. ஆஷிகா இவர்களுடைய ஒரே மகள், பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். தஞ்சாவூரில் காலேஜில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. சைத்தூன் பீவிக்கோ அவளைத் தன் மகள் வயிற்றுப் பேரன் தௌபீக்குக்குக் கொடுத்துவிட வேண்டும். தௌபீக் குவைத்தில் இருந்தான். பதினெட்டு முடிந்ததும் நிக்காஹ், அதுவரை வீட்டில் இருக்கட்டும், காலேஜெல்லாம் வேண்டாம் என்று ஸ்பீக்கரில் மகனிடம் சொன்னாள்.

"ஹபீபா என்ன சொல்றா?" என்று கேட்டான் மீரா உசேன்.

ஹாலில் மாமியார், நாத்தனார், மகள் மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். ஹபீபுன்னிசா, "சரிங்க" என்றாள். "அப்ப எனக்கும் சரி" என்றான் அவன். ஆஷிகா எழுந்து உள்ளே போனாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. தன்னை எப்படி வீட்டில் உட்கார வைத்தார்களோ அதேபோலத் தன் மகளையும் உட்கார வைக்கத் தன் வாயாலேயே சரி சொல்லிவிட்டோமே என்று ஹபீபுன்னிசா எங்கள் வீட்டு அடுப்படியில் வந்து அழுதாள். "அவங்ககிட்ட தனியா ஒரு வார்த்தை பேசணும்க்கா. எங்க நின்னு பேசுறது?" என்றாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, அவள் மாமியார்மேல் அதைவிடக் கோபம் வந்தது.

அது 2012. மேட்டூர் அணை திறக்காமல், குறுவை நெல் போடாமல் போன வருஷம், வயலெல்லாம் காய்ந்து கிடந்தது. கரண்டும் அப்படித்தான். பகலில் பாதி நேரம் இருக்காது. வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் வரும் நேரம் பார்த்துப் போய்விடும், நாலு மணிக்குத்தான் திரும்பி வரும். இரண்டு வாரம் மீரா உசேன் அழைத்து அழைத்துப் பார்த்திருக்கிறான், போன் செத்துக் கிடந்தது. மூன்றாவது வாரம் கரண்ட் இருந்த நேரமாகப் பார்த்துப் பிடித்துவிட்டான். தெரிந்தவர் ஒருவர் ஊருக்குக் கிளம்புகிறார், அவரிடம் என்ன கொடுத்தனுப்ப என்று கேட்டான். புதுசா ஒரு சார்ஜர் அனுப்பு, இருக்கிறது லூசாகிவிட்டது என்றாள் சைத்தூன் பீவி. அப்போது ஹபீபுன்னிசா, தன் முறை வருவதற்கு முன்னாலேயே, "கார்ல போடுற சார்ஜரா அனுப்புங்க" என்றாள்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கரண்டே இல்லாதப்ப வீட்டு சார்ஜர் எதுக்குங்க? கார்ல போட்டா எப்பவும் ஏறும்" என்றாள். சைத்தூன் பீவி கொஞ்சம் யோசித்தாள். மகன் குரலைக் கேட்காமல் இரண்டு வெள்ளிக்கிழமை போனது அவளுக்கும் வலித்திருந்தது. "அவ சொல்றதும் சரிதான்" என்றாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஹபீபுன்னிசா தனக்கென்று கேட்டு வாங்கிய முதல் சாமான் அதுவாகத்தான் இருக்கும்.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன லீவில் மீரா உசேன் ஒரு வெள்ளைக் கார் வாங்கினான். லீவு முடிந்ததும் அதற்கு உறை போட்டு, வீட்டுப் பக்கவாட்டில் ஷெட்டில் நிறுத்திவிட்டுப் போய்விட்டான். எங்கள் தெருவில் இப்படிப் பல கார்கள் உறைக்குள் தூங்கும். பேட்டரி இறங்கிவிடாமல் இருக்க, பஸ் ஸ்டாண்டில் வாடகைக் கார் ஓட்டும் ஜெயபால் வாரம் ஒரு தடவை வந்து ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைப்பார். சார்ஜர் வந்து சேர்ந்ததும் அவர்தான் ஹபீபுன்னிசாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். "சிகரெட் லைட்டர் ஓட்டையில சொருகுங்கக்கா. சாவிய ஒரு திருப்பு திருப்பினா போதும். ரெண்டாவது திருப்பு வேணாம்."

சாவியை வண்டியில் விட்டுவிட்டு வராதே, ஏறி முடிகிற வரைக்கும் கூடவே இரு என்று உத்தரவு போட்டது சைத்தூன் பீவிதான். அந்த வெக்கையில் தன்னால் உட்கார முடியாது, அவன் பேசினால் என்ன சொன்னான் என்று வந்து சொல் என்றாள். முதல் வெள்ளிக்கிழமை ஹபீபுன்னிசா வழக்கம்போலப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வயர் எட்டவில்லை. இறங்கி முன்சீட்டுக்கு வந்தாள். காரின் முன்சீட்டில் உட்காருவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. கதவைச் சாத்தினாள். உள்ளே வேகிற வெக்கை. ஆனாலும் அது கதவுள்ள ஓர் இடம், வேறு யாரும் இல்லாத இடம். போன் அடித்தது.

"யாரெல்லாம் இருக்காங்க?" என்றான் மீரா உசேன். ஒவ்வொரு வாரமும் அவன் முதலில் கேட்பது அதுதான்.

"யாரும் இல்லங்க. நான் மட்டும்தான்."

"ஏன், எல்லாரும் எங்க போனாங்க? அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று பதறிவிட்டான். அவனைச் சமாதானப்படுத்தி, வீட்டில் எல்லாரும் சுகம் என்று சொல்லிப் புரியவைத்தாள். அப்புறம் அங்கே வெயிலா என்று இவள் கேட்டாள். ஆமாம் என்றான். இங்கேயும் வெயில் என்றாள். வைத்துவிட்டார்கள். இதை என்னிடம் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. உள்ளே போனதும் மாமியார், "என்ன சொன்னான்?" என்று கேட்க, "அங்கயும் வெயிலாம்" என்றிருக்கிறாள்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ரிசல்ட் வந்துவிட்டது. ஆஷிகாவுக்கு நல்ல மார்க். காலேஜில் திங்கட்கிழமைக்குள் விண்ணப்பம் கொடுத்தாக வேண்டும், அத்தாவின் சம்மதம் இல்லாமல் இந்த வீட்டில் அது நடக்காது. அதாவது அந்த வெள்ளிக்கிழமை ஒன்றுதான் பாக்கி. ஹபீபுன்னிசா போனை எடுத்துக்கொண்டு காருக்குப் போனாள். அந்த வாரம் ஜெயபால் யாரையோ ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தார், வண்டியை யாரும் ஸ்டார்ட் செய்யவில்லை. அது அவளுக்குத் தோன்றவே இல்லை.

போன் வந்ததும் அவள் வெயிலைப் பற்றியெல்லாம் பேசவில்லை. "ஆஷிகாவுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டம் இல்லங்க. அவ படிக்கணுங்கறா. எனக்கும் அதான் ஆசை" என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

"அன்னைக்குக் கேட்டேனே. நீ சரின்னு சொன்னியே."

"ஹால்ல வச்சுக் கேட்டா நான் வேற என்னங்க சொல்ல முடியும்?"

"நீ சரின்னதாலதான் நானும் சரின்னேன், ஹபீபா. எனக்கும் மனசில்ல. பெத்தவ நீயே சரிங்கிறப்ப நான் என்ன சொல்றதுன்னு விட்டுட்டேன்" என்றான். "இங்க மட்டும் என்ன, எட்டுப் பேரு இருக்கிற ரூம்லதான் நின்னு பேசுறேன்" என்றான். "இப்ப என்ன செய்யலாம்னா..." என்று ஆரம்பித்தான். போன் அணைந்துவிட்டது.

சார்ஜரில் எரிந்துகொண்டிருந்த சிவப்புப் புள்ளியும் இல்லை. சாவியை ஒரு திருப்பு திருப்பினாள். வேண்டாம் என்று சொல்லியிருந்த இரண்டாவது திருப்பையும் திருப்பினாள். வண்டி கம்மென்று கிடந்தது. என்ன செய்யலாம் என்று அவன் சொல்ல வந்தானோ அது ஷார்ஜாவிலேயே நின்றுவிட்டது. நாலு மணிக்குக் கரண்ட் வரும். வந்தால் போனை உயிர்ப்பிக்க இடம் ஒன்றுதான் இருந்தது. போன் வரும் நேரம் பார்த்துத்தான் நானும் அன்று அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தேன், பொய் சொல்வானேன். நாத்தனாரும் இருந்தாள். வேர்த்துக் கொட்டிக்கொண்டு ஹபீபுன்னிசா உள்ளே வந்தாள். ஒரு கையில் கார் சார்ஜர், இன்னொரு கையில் போன்.

ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. அவள் அந்தச் சதுர முள் பாக்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போனைச் சும்மா வைத்துவிட்டால் அடுத்த வாரம் காரில் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம். திங்கட்கிழமை போய்விடும், அவ்வளவுதான். உள்அறை வாசலில் ஆஷிகா வந்து நின்றாள். ஹபீபுன்னிசா போய் வயரைச் சொருகி, சுவிட்சைப் போட்டாள்.

போன் உடனே அடித்தது. சைத்தூன் பீவி எட்டி ஸ்பீக்கரை அழுத்தினாள். "யாரெல்லாம் இருக்காங்க?" என்றது குரல்.

"எல்லாரும் இருக்கோம்பா" என்றாள் சைத்தூன் பீவி.

அந்தப் பக்கம் அவன் தயங்கியது எங்களுக்கே கேட்டது. "ஹபீபா இருக்காளா?" என்றான். "அன்னைக்குக் கேட்டதையே திரும்பக் கேக்குறேன். ஆஷிகா விஷயம் நீ என்ன சொல்றே?"

அவள் தரையைப் பார்க்கவில்லை. "வேணாங்க. புள்ள படிக்கட்டும்" என்றாள்.

நாத்தனார் வாயைத் திறந்தாள். அதற்குள், "எனக்கும் அதான் சரி. அம்மா, தங்கச்சிகிட்ட நான் பேசிக்கிறேன். திங்கக்கிழமை புள்ளைய காலேஜுக்கு அனுப்புங்க" என்றான் மீரா உசேன். சைத்தூன் பீவி எழுந்து போய் சுவிட்சை அணைத்தாள். போன் கறுத்தது. "கண்ட நேரமும் எரிஞ்சா பில்லு எகிறுது" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு, தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யப் போய்விட்டாள். நாத்தனார் அப்புறம் பல மாதம் அந்தப் படி ஏறவில்லை.

ஆஷிகா தஞ்சாவூரில் காலேஜில் சேர்ந்து ஹாஸ்டலில் தங்கினாள். அடுத்த லீவில் புது போன் வந்தது, வயர் இல்லாமலே நாள் முழுக்க நிற்கிற பேட்டரி. நம் ஊர் முள் உள்ள சார்ஜர் ஒன்றையும் மீரா உசேனே கடைத்தெருவில் வாங்கி வைத்தான், அது இன்னும் வெடிக்கவில்லை. இனி காரில் போய் வேக வேண்டாம், அறைக்குள், மாடியில், எங்கே வேண்டுமானாலும் அவள் பேசலாம். ஆனால் ஹாஸ்டலிலிருந்து மகள் அழைத்தால் ஹபீபுன்னிசா ஹாலுக்குத்தான் வருகிறாள். டிவிக்குப் பக்கத்தில் நின்று, தானே ஸ்பீக்கரைப் போடுகிறாள். எதிர் வீட்டில் இருக்கிற எனக்கே கேட்கிற மாதிரி பேசுகிறாள்.