அந்தச் செல்கள் சாகவில்லை

வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது உயிரியல் துறை ரஹ்மத்தின் தம்பி போன் செய்தான். "அண்ணாச்சி, லாத்தா மவுத்தாயிட்டாவ." அவனுடைய அக்கா ரஹ்மத் இறந்துவிட்டாள். மாரடைப்பாம். மேலப்பாளையத்தில் அன்று மாலையே அடக்கம் முடிந்துவிட்டது.

நேற்று கல்லூரியில் இரங்கல் கூட்டம். "அதிர்ந்து பேசாதவர்" என்றார் அவளுடைய துறைத்தலைவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரிடமே தொண்டை கிழியக் கத்தியவள் அவள். கூட வேலை பார்த்த உங்களுக்காவது அது ஞாபகம் இருக்க வேண்டும்.

நான் இயற்பியல்காரன். ஸ்டெம் செல் என்பது எலும்பாகவோ கொழுப்பாகவோ இன்னும் மாறாத செல் என்பதே அவள் சொல்லித்தான் தெரியும். அது உட்காரும் தரையின் கடினமும் அதன் போக்கை மாற்றுமாம். அவள் ஜெல் தட்டுகளைச் செய்வாள். அவை எவ்வளவு மெத்தென்று இருக்கின்றன என்று நான் அளந்து சொல்வேன். "செல்லுக்குக் கண்ணா இருக்கு அண்ணாச்சி? தரையப் புடிச்சு இழுத்துப் பாக்கும். வளைஞ்சு குடுத்தா ஒரு புத்தி, முறைச்சுக்கிட்டு நின்னா வேற புத்தி" என்பாள்.

கெட்டிப் பிளாஸ்டிக்கில் நெடுநாள் வளர்ந்த செல்லை ஜெல்லுக்கு மாற்றினாலும், பழைய தரையை மறக்காமல் எலும்பாகவே ஆகப் பார்க்கும். எப்போது மாற்றினால் மறக்கும்? அதைக் கண்டுபிடிக்கத்தான் அவள் பாடுபட்டாள்.

கல்லூரியைப் பார்வையிட வெளியிலிருந்து ஆய்வுக்குழு வந்த அன்று ரஹ்மத் வகுப்பில் இருந்தாள். துறைத்தலைவர் மைக்ரோஸ்கோப்பில் எட்டிப் பார்த்தார். பிளாஸ்டிக்கில் செல்கள் விரிந்து படர்ந்து அழகாக இருந்தன. ஜெல்லில் உருண்டு கிடந்தன. மெத்தென்ற தரையில் அவை அப்படித்தான் இருக்கும்; அவரோ செத்துவிட்டன என்று முடிவுகட்டிவிட்டார். செத்ததைக் காட்டினால் மானம் போகும் என்று, ஒரு வார்த்தை கேட்காமல், எல்லா ஜெல் தட்டுகளையும் ப்ளீச்சில் கொட்டவைத்தார் அந்த மகானுபாவர்!

"உயிரோட இருந்ததக் கொன்னுட்டியளே! தெரியலன்னா கேக்க வாயில்லையா?" அவள் போட்ட சத்தத்தில் வராந்தாவே கூடிவிட்டது. "சரிம்மா, மறுபடி செஞ்சுக்கிடுங்க" என்றார் அவர். பேச்சைப் பாருங்கள்!

மறுபடி செய்தாள். திட்டிக்கொண்டே செய்தாள். பாதியில் போய்விட்டாள்.

நேற்று கூட்டம் முடிந்ததும் அவர் என் தோளில் கைபோட்டு, "அந்த நைட்ரஜன் தொட்டியக் காலி பண்ணிருவோம் சார். இனி யாரு பாக்கப் போறா?" என்றார். அவள் உறையவைத்த செல்கள் அதில்தான் உயிரோடு இருக்கின்றன. இரங்கல் பேசிய வாயின் ஈரம் காய்வதற்குள் இப்படிச் சொல்ல எப்படி மனசு வந்தது?

"நான் பாப்பேன்" என்றேன். செல் வளர்க்க எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள், வாருங்கள். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவளுடைய கோபம்தான், அதை நான் ஆறவிடப்போவதில்லை. தொட்டியில் நைட்ரஜனை நிரப்பிப் பூட்டிவிட்டேன். சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது. வந்து கேட்கட்டும்.