பரமேஸ்வரி அடுக்க மறுத்த மூன்று ரேடியேட்டர்கள்

பரமேஸ்வரி இறந்துவிட்டார் என்று செவ்வாய்க்கிழமை காலை அவருடைய தம்பி தொலைபேசியில் சொன்னார். புக்கிட் மெர்தாஜாமில் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் எங்கள் தொழிற்சாலை அனுப்பிய மலர்வளையம் நின்றது. ‘எங்கள் அன்புக்குரிய ஊழியருக்கு’ என்று எழுதியிருந்தார்கள். ஏழு ஆண்டுகளுக்கு முன் அவரைத் துரத்தியவர்கள் அவர்கள்தான். அதைத் தூக்கிச் சாக்கடையில் எறியக் கை துடித்தது.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கு அந்தச் சோதனை அறை நினைவிருக்கும். நான்கு கம்ப்யூட்டர்கள் ஓயாமல் ஓடும். சூடு தாங்காமல் நின்றுபோகும். விசிறிகள் போதவில்லை. பழைய கார் ரேடியேட்டர்கள் மூன்றைத் தேடிப்பிடித்து, ஒரு பம்ப்பும் ரப்பர் குழாயும் பொருத்தி, தண்ணீரைச் சுற்றவிட்டு கம்ப்யூட்டர்களைக் குளிரவைத்தவர் டெக்னீஷியன் பரமேஸ்வரி. ஊதுபத்தியைக் கொளுத்தி, புகை போகும் திசையைப் பார்த்து, ஒன்றை ஜன்னலோரமும் ஒன்றைக் கதவருகிலும் இன்னொன்றைக் குளிர்காற்று விடும் ஏர்கானுக்குக் கீழும் வைத்தார்.

“தண்ணி எதுக்குள்ள முதல்ல போகணும்?” என்று கேட்டேன்.

“அது சுத்திக்கிட்டேதான் இருக்கு அண்ணே, எது முதல்ல வந்தாலும் பெரிய வித்தியாசம் இல்ல. காத்துதான் முக்கியம் லா. ஒவ்வொன்னுக்கும் புதுக் காத்து கிடைக்கணும்.”

அதன்பின் பதினோரு மாதங்கள் ஒரு கம்ப்யூட்டரும் நிற்கவில்லை.

தலைமையகத்திலிருந்து பார்வையாளர்கள் வருகிறார்கள் என்றதும் மேலாளருக்கு அழகுணர்ச்சி பொங்கியது. “என்ன இது, ஒர்க்‌ஷாப் மாதிரி? மூணையும் ஒரே பெட்டியில அடுக்கு” என்றார்.

“முன்னால இருக்கிறது விடுற சூட்டைத்தான் பின்னால உள்ளது குடிக்கும் பாஸ். மூணாவது சும்மா இரும்புதான்.”

“நீ இன்ஜினியரா?”

பரமேஸ்வரி அடுக்க மறுத்தார். மேலாளர் வேறு ஆட்களை வைத்து அடுக்கினார். குழாயை மட்டுமாவது நானே மாட்டுகிறேன் என்று பரமேஸ்வரி குனிந்தார். பெட்டிக்குள் இருட்டாக இருந்ததால் நான் டார்ச் பிடித்தேன். குழாயை இறுக்கும் கிளிப்புகள் அனைத்தையும் இரண்டு முறை முடுக்கினார்.

பார்வையாளர்கள் பாராட்டிவிட்டுப் போன நான்காம் நாள், சூட்டில் இளகிய குழாய் பிடுங்கிக்கொண்டது. பக்கத்தில் நின்ற ஆப்பரேட்டர் சல்மாவின் முன்கை சுடுநீரில் வெந்துபோனது. பரமேஸ்வரி கிளிப்பைச் சரியாக முடுக்காததே காரணம் என்று அறிக்கை எழுதினார்கள். “நான் செய்யாத தப்புக்கு என் கையெழுத்து கிடைக்காது” என்று அவர் தாளைத் திருப்பித் தள்ளினார். வேலை போயிற்று.

அந்த அறிக்கையில் சாட்சியாக ஒரு கையெழுத்து இருக்கிறது. அது என்னுடையது. எனக்குப் பதவி உயர்வு வரவிருந்தது. வந்தது.

வேலை போன அன்று தொழிற்சாலை வாசலில் பரமேஸ்வரி என்னை நிறுத்தினார். “டார்ச் பிடிச்சது நீங்கதானே அண்ணே?” என்று மட்டும் கேட்டார். நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

போன ஆண்டு அவருடைய ரிப்பேர் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை மேசைமேல் வைத்தார்.

“எனக்கு எதுக்கு மன்னிப்பு? சல்மா சிம்பாங் அம்பாட்லதான் இருக்கா. என் கவனக்குறைவால கை போச்சுன்னு இன்னும் நம்பிக்கிட்டு இருக்கா. அவகிட்ட போய் உண்மையைச் சொல்லுங்க.”

சரி என்றேன். போகவில்லை.

ஈமச்சடங்கு முடிந்த மறுநாள் போனேன். சல்மா முழுவதையும் கேட்டார். பிறகு, “அவள் என்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேனே” என்று மலாயில் சொல்லி அழுதார். ஒரு வாரம் முன்னால் போயிருந்தால் இருவரும் பேசியிருப்பார்கள். இதற்கு மேலாளர் காரணம் இல்லை, நான்தான்.

நண்பர்களே, அவரை ‘அமைதியானவர், பொறுமைசாலி’ என்று நீங்கள் ஈமச்சடங்கில் பேசியதைக் கேட்டேன். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அவர் கடைசிவரை கோபமாகத்தான் இருந்தார். அந்தக் கோபம் நியாயமானது. அவருடைய நினைவாக எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.