வெள்ளிக்கிழமை தப்பிய மீன்

“...அதுவும் வெள்ளிக்கிழமையாப் பாத்து வந்து தூண்டில்ல கொழுவியிருக்கிறாய். கெட்டிக்காரன்தான். அவசரப்படாத, மூச்சை வாங்கிக்கொண்டு ஆறுதலாப் போ. ஆனா ஒண்டு சொல்லுறன், அந்தக் கரைப் பக்கம் மட்டும் போகாத, அங்கயும் ஆரோ நிக்கினம்.”

மூடுபனிக்குள்ளிருந்து இந்தக் குரல் வந்தபோது, தூண்டிலை ஓங்கிய கையோடு நான் அப்படியே நின்றுவிட்டேன். போன வருடம், யூலை மாதப் பள்ளி விடுமுறை, இங்கே குளிர்காலம். இடம், மெல்பேர்னின் தென்கிழக்கே கிரான்பர்னில், எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற ஏரி. ஏரி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். புதுக் குடியிருப்புகளுக்கு நடுவில், சுற்றிவரச் சரளைக்கல் நடைபாதையும், எதிரெதிர்க் கரைகளில் இரண்டு மரமேடைகளும் உள்ள ஒரு தண்ணீர்த் துண்டு, அவ்வளவுதான். வெயில் நாளில் இந்த மேடையில் நிற்பவர் அந்த மேடையில் நிற்பவரின் சட்டை நிறத்தைச் சொல்லிவிடலாம். அன்று காலை எனக்கு என் தூண்டிலின் நுனியே தெரியவில்லை. வீடுகள் இல்லை, தெருவிளக்குகள் இல்லை, அக்கரை இல்லை. யூக்கலிப்டஸ் மரங்களிலிருந்து பனி சொட்டுகிற சத்தம் மட்டும் இருந்தது. தண்ணீர் எங்கே முடிகிறது, ஆகாயம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த வெள்ளைக்குள் குரல் மட்டும் தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு வந்து, என் காதுக்குப் பக்கத்தில் நின்றது.

அது என் அக்காவின் குரல். இரண்டு குளிர்காலமாக நான் கேட்காத குரல்.

இந்த ட்ரவுட் மீன் பைத்தியத்தை எங்கள் குடும்பத்துக்குள் கொண்டுவந்தவர் அத்தான், அக்காவின் கணவர். குளிர்கால விடுமுறை தொடங்கும் முன் லொறியில் கொண்டுவந்து, பண்ணையில் வளர்த்த ட்ரவுட் மீன்களை இந்த ஏரிகளில் விடுவார்கள். குடும்பம் குடும்பமாக வந்து பிடிக்கட்டும் என்றே விடுவது. எங்கள் இரண்டு குடும்பமும் வழக்கமாக வருவது இந்த ஏரிக்குத்தான். அத்தானுக்குப் புழுக் கோத்துப் பிடிப்பது பிடிக்காது. வேலையிடத்தில் யாரோ ஒருவர் பழக்கிவிட்ட ஃபிளைத் தூண்டில்தான் அவருக்கு எல்லாம். தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றி, பார்க்கப் பூச்சி மாதிரி ஒன்று செய்வார்கள். அதுதான் ஃபிளை. அந்தப் பாரமே இல்லாத பூச்சியை, தடித்த நூலோடு தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசி, தண்ணீர் அறியாமல் தண்ணீரில் இறக்க வேண்டும். “பின்னால போன நூல் நிமிருமட்டும் பொறுக்கோணும். பொறுக்காட்டி முன்னால போகாது” என்பது அத்தானின் பாடம். என் கணவரோ, “குளிருக்குள்ள நிண்டு நடுங்கிறம், மீன் எங்களைப் பாத்துச் சிரிக்குது” என்பார். ஆனாலும் எல்லோருக்கும் முதலில் காரில் ஏறி இருப்பவர் அவர்தான்.

ஃபிளை கட்டுவது அக்காவின் வேலை. தையல் பழகிய கை. கோழி இறகு, மயிலிறகின் ஒரு இழை, பழைய ஸ்வெற்றர் நூல் என்று எது கிடைத்தாலும் அதிலிருந்து ஒரு பூச்சியைப் பிறக்க வைத்துவிடுவார். நூல் அறுக்க மட்டும் கத்தரிக்கோல் தேட மாட்டார். பல்லால் நறுக்கென்று கடிப்பார். “கடவுள் தந்த கத்தரிக்கோல் வாய்க்குள்ள இருக்கேக்க வேற என்னத்துக்கு?” என்பார்.

அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. என் மகள் பிறந்த அன்று, தாதியின் கையிலிருந்து அவளை முதலில் வாங்கியது அக்காதான். அவளுக்கு நூல் வீசப் பழக்கியதும் அவர்தான். தன் வீடு இருக்கிற கிளென் வேவர்லியில் இருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளைப் பார்க்க வந்துவிடுவார். மகள் பெரியபிள்ளையானபோது, என்னைவிட அக்காவுக்குத்தான் கால் நிலத்தில் படவில்லை. சாமத்திய வீட்டை, அந்தப் பூப்புனித நீராட்டு விழாவை, எப்படிச் செய்வது, மண்டபம் எது, யார் யார் தட்டுத் தூக்குவது என்று எல்லாம் அவரே முடிவுசெய்தார். அரக்கு நிறத்தில், மெல்லிய சரிகைக் கோடு ஓடுகிற ஒரு பட்டுச் சேலையும் அவளுக்கென்று வாங்கிவந்து தன் கட்டிலில் விரித்துக் காட்டினார். நான் தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் மாதிரி வழுகியது.

மகளிடம் கேட்டபோது அவள் வேண்டாம் என்றாள். தொலைபேசியை வாங்கி, பெரியம்மாவிடம் தானே ஆங்கிலத்தில் சொன்னாள். தன் உடம்பில் நடந்ததை ஒரு மண்டபம் நிறைந்த ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று, பள்ளிக்கூடத்தில் விவாதம் செய்கிற மாதிரிச் சொன்னாள். பிறகு அக்கா என்னைக் கூப்பிடச் சொன்னார். “இதெல்லாம் நீ சொல்லிக் குடுத்த கதை. உன்ர பிள்ளை, நீ வைச்சிரு” என்றார். தொலைபேசியை வைத்துவிட்டார்.

அவ்வளவுதான். நான் எடுத்தேன், அவர் எடுக்கவில்லை. பிறகு அவர் எடுத்தாராம், நான் வேலையில் நின்றேன். அப்படி அப்படியே இரண்டு குளிர்காலம் போய்விட்டது. ஆண்கள் இரண்டு பேரும் மட்டும் தொலைபேசியில் பேசிக்கொள்வார்கள், வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரி. மகள் ஒன்றும் கேட்க மாட்டாள். சனிக்கிழமை பின்னேரங்களில் அவள் அறைக் கதவு மூடியே இருக்கும். தன்னால்தான் இது வந்தது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். எப்படி அதை அவளிடமிருந்து எடுப்பது என்றுதான் தெரியவில்லை.

அன்று வெள்ளிக்கிழமையைத் தெரிந்தெடுத்ததே ஒரு கணக்கோடுதான். நானும் அக்காவும் வெள்ளிக்கிழமையில் மச்சம், அதாவது மீன் இறைச்சி எதுவும், தொடாத வீட்டில் வளர்ந்தவர்கள். இன்றைக்கும் இரண்டு வீட்டிலும் அப்படித்தான். சனி ஞாயிறில் ஏரிக்குப் போனால் அக்காவின் கண்ணில் படலாம், வெள்ளிக்கிழமை என்றால் அக்கா மீன் இருக்கிற பக்கமே தலைவைக்க மாட்டார் என்று நினைத்தேன். பிடித்தாலும் விட்டுவிடப் போகிறோம், சாப்பிட்டால்தானே குற்றம் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். கணவர் வேலைக்குப் போய்விட்டார். நானும் மகளும் வந்தோம்.

இப்போது மூடுபனிக்குள் அக்காவின் குரலைக் கேட்டதும் எனக்கு விளங்கியது. அக்கரையில் நிற்கிற அந்த மனுசியும், வெள்ளிக்கிழமை தங்கச்சி வரமாட்டாள் என்ற அதே கணக்கைப் போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

பிடித்த ட்ரவுட்டை உடனே தூக்கி எறியக்கூடாது. கையை நனைத்து, தண்ணீருக்குள்ளேயே ஏந்தி வைத்திருந்து, அதற்குத் தெம்பு வந்த பிறகு விட வேண்டும். அக்கா அப்படிக் குனிந்து மீனோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். திரும்பிப் போய்விடலாம் என்று மகளுக்குக் கண்ணைக் காட்டினேன். அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்தது.

என் இருமல் அக்காவுக்குத் தெரிந்த இருமல். அக்கரையில் குரல் கொஞ்சம் உரத்தது:

“அங்க ஒருத்தி நிக்கிறாள். இருமுறாளே தவிர கழுத்துக்கு ஒரு சால்வை சுத்தமாட்டாள். அவளிட்டப் போய்க் கொழுவினியெண்டால் மிளகாய்த்தூள் பிரட்டிப் பொரிச்சுப்போடுவாள். நாள் கிழமை பாக்கமாட்டாள், சொல்லிப்போட்டன்.”

மீனுக்குச் சொல்வதுபோல எனக்குச் சொல்கிறார். சாடை பேசுவது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் வரும். அத்தானுக்குச் சொல்ல வேண்டியதை அக்கா குளிர்சாதனப் பெட்டியிடம் சொல்லுவார். அத்தானும் காதில் விழாதமாதிரி இருந்து, சொன்னதைச் செய்துவிடுவார். முகம் பார்த்துக் கேட்க முடியாததையெல்லாம் இப்படிக் கேட்டுவிடலாம், யாரும் தோற்கத் தேவையில்லை.

எனக்குப் பேச மீன் இல்லை. எங்கள் மேடைக்குக் கீழே ஒரு நீர்க்கோழி தலையை ஆட்டி ஆட்டி நீந்திக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துச் சொன்னேன்:

“நாள் கிழமை பாக்கிற ஆக்கள்தான் இப்ப விடியக்காலமை தூண்டிலோட வந்து நிக்கினம் போல.”

அக்கா சிரிப்பை அடக்கும்போது மூக்கால் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் தண்ணீரைத் தாண்டி வந்தது.

“அம்மா, ஆர் யூ டோக்கிங் டு த டக்?” என்று மகள் கிசுகிசுத்தாள். நான் விரலை உதட்டில் வைத்தேன். அவள் பார்வை பனிக்குள் போய்த் திரும்பி வந்தது. முகம் மாறியது. அவளுக்கும் விளங்கிவிட்டது. தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். மேடைக்குப் பக்கத்துப் புதரில், யாரோ வீசும்போது மாட்டி அறுந்த ஃபிளை ஒன்று கிடந்ததாம். எடுத்து வைத்திருந்தாள்.

அரிசிமணி அளவு உடம்பு. அரக்குப் பட்டு. அதைச் சுற்றி, தலைமயிரைவிட மெல்லிய சரிகை இழை ஒன்று.

அந்த நிறத்தை நான் எங்கே கண்டாலும் அறிவேன். அந்தச் சேலை அலுமாரிக்குள் மடித்தபடி இருக்கிறது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அக்கா அதிலிருந்து நூல் உருவுகிறார். விளக்கைக் கிட்ட இழுத்துவைத்து, ஒவ்வொரு இழையாக உருவி, ஒவ்வொரு பூச்சியாகக் கட்டிக்கொண்டு அக்கா தனியே இருப்பது கண்முன் வந்தது. நீர்க்கோழி தூரப் போய்விட்டது. ஆனாலும் அதற்குத்தான் சொன்னேன்:

“பட்டுச் சேலையை உரிச்சு மீனுக்கு உடுத்திவிடுற ஆக்களை நான் இப்பதான் காணுறன்.”

தண்ணீருக்குள் மெல்ல ஒரு அளைதல் கேட்டது.

“உடுக்க ஆளில்லாத சேலை பெட்டிக்குள்ள கிடந்து என்ன செய்யிறது?” என்றார் அக்கா. “மீனாவது உடுக்கட்டும்.”

பிறகு ‘சளக்’ என்று ஒரு சத்தம். மீன் போய்விட்டது.

பேச அக்காவுக்கு இனி ஒரு மீனும் இல்லை. பனி எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் பஞ்சுப்பொதி மாதிரிக் கிடந்தது. நான் வாய் திறக்கும் முன் மகள் மேடையின் விளிம்புக்குப் போனாள். எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள், அன்றைக்குத் தமிழில், ஒவ்வொரு சொல்லாகக் கால் வைத்துப் பார்த்துப் பார்த்து நடக்கிற மாதிரிச் சொன்னாள்:

“பெரியம்மா, அது அம்மா சொல்லித் தரேல்ல. நான்தான். எனக்கு வெக்கமா இருந்தது. நான் அந்தப் பார்ட்டியைத்தான் வேண்டாமெண்டனான். உங்களை வேண்டாமெண்டு சொல்லேல்ல.”

சாடையும் இல்லை, மறைப்பும் இல்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வராத நேர்ப்பேச்சு.

அக்கரையில் நூல் சுற்றுகிற உருளையின் சத்தம் கேட்டது, கிர்ர் என்று, நிறுத்தாமல். பிறகு அதுவும் நின்றது. மகள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். போய்விட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். கொஞ்சம் பொறுத்து, சரளைக்கல்லில் செருப்பு அரைபடுகிற சத்தம் கேட்டது. ஏரியைச் சுற்றி வருகிற சத்தம். ஒரு இடத்தில் நின்றது, மூக்குச் சீறினார், திரும்பவும் நடந்தது. நிமிருகிற நூலுக்குப் பொறுத்துக்கொண்டு நிற்பதுபோல நாங்கள் இருவரும் அசையாமல் நின்றோம்.

இப்போதும் ஏதாவது ஒரு விடியற்காலையில் பனி இறங்கியிருந்தால், தேநீர்க் கோப்பையோடு யன்னலடியில் நின்று அந்தக் காலடிச் சத்தத்தைத்தான் கேட்கிறேன். யாருடனாவது கோபித்துக்கொண்டு விலகி நிற்கிறேன் என்று எவராவது சொல்லும்போதும் அந்த வெள்ளிக்கிழமைதான் ஞாபகம் வருகிறது. ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் ஒளிக்கப் புறப்பட்டாலும், கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் ஒளித்துக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்று பனிக்குள்ளிருந்து முதலில் தெரிந்தது அக்காவின் கம்பளித் தொப்பி. பிறகு சிவந்த மூக்கு. பிறகுதான் முழு அக்கா, ஒரு சுற்று மெலிந்திருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மகளின் உள்ளங்கையில் இருந்த அரக்குப் பூச்சியைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு, நேற்றுப் பின்னேரம்தான் பேசிவிட்டுப் போனவர் மாதிரி, “இந்தா, இதைப் பிடி” என்று தன் தூண்டிலை என் கையில் திணித்தார். மகளின் நூலைத் தன் பக்கம் இழுத்து, அதன் நுனியில் நாங்கள் கட்டியிருந்த, கடையில் வாங்கிய பூச்சியைப் பல்லால் நறுக்கென்று கடித்து அறுத்துவிட்டு, அந்த இடத்தில் பட்டுப் பூச்சியைக் கட்டத் தொடங்கினார்.