மலையாள எழுத்தில் மயிலாத்தாள்

குஞ்சு முகம்மது வாழ்நாளெல்லாம் எழுதியது அடுத்தவர் கதைகளைத்தான். இதை அவரே கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்வார். நாவலை எழுதியவர் ஒருவர், சித்திரக்கதையை வரைந்தவர் இன்னொருவர். அதை நறுக்கி, வேகவைத்து, தாளித்து, நடிகர்கள் வாயில் வைக்கிற பதத்துக்குக் கொண்டுவருவது இவர் வேலை. முப்பது வருஷத்துக்கு மேல் செய்தும், பாலக்காட்டுப் பக்கம் அவருடைய ஊரான நல்லேப்பிள்ளியில் ஒருவர்கூட அவரைத் திரைக்கதை ஆசிரியர் என்று சொன்னதில்லை. குடைக்கடை ராவுத்தரின் இரண்டாவது மகன், டிவிக்குக் கதை எழுதப் போனவன், அவ்வளவுதான். திரையில் பெயர் ஓடும் வேகத்துக்கு, பார்க்க உட்கார்ந்தவர் ஒரு தும்மல் போட்டால் போச்சு.

வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். சிற்றூர் தாலுகாவில் பாதிப் பேருக்கு இதுதான் நிலைமை: வாய்க்கு ஒரு மொழி, கைக்கு ஒரு மொழி. குஞ்சு முகம்மதுவுக்குத் தமிழ் எழுத்து வந்தது சித்திரக்கதையால். குடைத்துணி எடுக்கப் பொள்ளாச்சிக்குப் போகும் அவருடைய அத்தா, திரும்பும்போது பஸ் நிலையத்தில் ஒரு காமிக்ஸ் வாங்கி வருவார். துப்பாக்கியும் தொப்பியுமாக நிற்பவன் வாய்ப்பக்கத்தில் இருக்கிற குமிழில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் பையனுக்குத் தூக்கம் வராது. எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தான். அவன் முதலில் படித்த தமிழ்ச் சொல் அம்மாவும் இல்லை, ஆடும் இல்லை. ‘டுமீல்.’

மனைவி கதீஜா வேறு ஜாதகம். பத்தாவது வரை மலையாளத்தில் படித்தவள். தமிழ் பேச ஆரம்பித்தால் மடை திறந்துவிட்ட மாதிரி, ஆனால் தமிழில் ஓர் எழுத்து தெரியாது. பொள்ளாச்சியில் பஸ் போர்டைப் பார்த்து விழிப்பாள். அவர் கேலி செய்தால், “பஸ்ஸு ஓட்டறவனுக்குத் தெரிஞ்சாப் போதாதுங்களா?” என்பாள்.

அவர் தொழில் ரகசியமே இந்தப் படிக்கத் தெரியாத பெண்தான். எந்த நாவல் கைக்கு வந்தாலும் ஊருக்கு எடுத்து வந்துவிடுவார். மத்தியானத் தொழுகை முடிந்ததும் அடுக்களையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார். கதீஜா கீரை ஆய்வாள், உள்ளி உரிப்பாள், மீன் அலசுவாள். கருத்தெல்லாம் கேட்கமாட்டார், கண் அவள் கைமேல் இருக்கும். கை நின்றால் அந்த இடம் ஒரு காட்சி, ஓரத்தில் ஒரு கோடு போடுவார். கை ஓடிக்கொண்டே இருந்தால் வெட்டு. எழுந்து போய் உலையில் அரிசி போட்டுவிட்டாள் என்றால் அத்தியாயத்துக்கே வெட்டு. எழுதி முடித்த காட்சிகளையும் அதே ஸ்டூலில் உட்கார்ந்து படித்துக் காட்டுவார்.

அப்படித்தான் ஒரு பெரிய எழுத்தாளரின் ஆறு காணாமல் போயிற்று. பக்கம் பக்கமாக அந்த ஆற்றை வர்ணித்திருந்தார் மனிதர். கதீஜா அந்த நேரத்தில் அரிசி, பருப்பு இரண்டையும் அடுப்பேற்றி ரசமும் வைத்துவிட்டாள். தொடரைப் பார்த்த எழுத்தாளர் போனில் கூப்பிட்டு, “என் ஆறு எங்கேய்யா?” என்று கத்தினார். “பட்ஜெட்டுல வத்திப்போச்சுங்க சார்” என்றார் இவர்.

குதிரைக் கதை இன்னும் பிரசித்தம். கோயம்புத்தூரில் ஒரு கேபிள் சேனல், சித்திரக்கதை ஒன்றைக் குழந்தைகளுக்கான தொடராக எடுக்க வந்தது. கதாநாயகன் பக்கத்துக்குப் பக்கம் குதிரையில்தான் போவான். தயாரிப்பாளருக்குக் கிடைத்ததோ ஒரே ஒரு குதிரை, அதுவும் ஒரு நாளைக்கு. குஞ்சு முகம்மது தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கதீஜா தேங்காயைத் துருவிக்கொண்டே, “குதிர செத்துப்போச்சுன்னு எழுதிருங்க. அப்பறம் கொன்னவனத் தேடி நடந்தே போகட்டும்” என்றாள். எழுதினார். முதல் வாரம் குதிரை செத்தது, தெருப்பிள்ளைகள் எல்லாம் அழுதார்கள். மீதி வாரமெல்லாம் அவன் வஞ்சம் தீர்க்க நடந்தே போனான். குஞ்சு முகம்மதுவைச் சென்னைக்குக் கூப்பிட்டது அந்தச் செத்த குதிரைதான்.

சென்னையில் இருந்த ஆறேழு வருஷமும் நாவல் கிடைத்ததும் ரயிலேறிவிடுவார். எதற்கய்யா எழுதுவதற்குப் பாலக்காடு போகிறீர் என்று கேட்டவர்களிடம், அங்கே காற்று நன்றாக இருக்கும் என்றார். அது பொய்யில்லை, கணவாய்க் காற்று நன்றாகத்தான் இருக்கும். இன்னொரு பாதியை அவர் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது அந்த நாட்களை நினைத்தால் அவருக்குச் சென்னை ஞாபகம் வருவதில்லை. அடுக்களை ஜன்னல் வழியாக விழுந்த வெயிலும், “அப்பறம்?” என்று அவள் கேட்கிற சத்தமும்தான் வருகின்றன.

இரண்டு வருஷத்துக்கு முன் கதீஜாவுக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. போகும்போது காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. நரம்பு போய்விட்டது, இனி வராது என்றார் கோயம்புத்தூர் டாக்டர். கருவி வாங்கிப் பொருத்தினார்கள். “டப்பாவுல கல்லப் போட்டு உருட்டறாப்பல இருக்குதுங்க” என்று கழற்றி பீரோவில் வைத்தாள். அதுவரைக்கும் பேச்சு இருந்தது. பிறகு ஒரு கல்யாண வீட்டில் அவள் பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்ல, பந்தியே திரும்பிப் பார்த்தது. மகள் அன்சிலா பதறிப்போய், மெதுவாக, மெதுவாக என்று கையைக் காட்டினாள். தன் குரல் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்று தனக்கே தெரியாது என்பது கதீஜாவுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. வீட்டுக்கு வந்து வாயை மூடியவள் திறக்கவில்லை.

அன்சிலா கோழிக்கோட்டிலிருந்து ஒரு வெள்ளைப் பலகையும் மார்க்கர் பேனாவும் வாங்கி அனுப்பினாள். எழுதிக் காட்ட வேண்டியதுதான். கதீஜாவுக்குத் தெரிந்த எழுத்து மலையாளம். மலையாள எழுத்தை எழுதப் போனால் கை தானாக மலையாளமே எழுதும். மருந்து சாப்பிட்டாயா என்பதற்கு “மருந்நு கழிச்சோ?” அப்புறம் “ஆசுபத்திரியில் போகணம்.” கல்யாணம் ஆன நாளிலிருந்து தமிழில் குடித்தனம் பண்ணினவர்கள், ஒருவருக்கொருவர் பஞ்சாயத்து நோட்டீஸ் ஒட்டிக்கொள்வது போல் ஆனார்கள். அவள் படித்துவிட்டுத் தலையை ஆட்டுவாள், அல்லது விரலைக் காட்டுவாள். அந்த வீடு இவ்வளவு பெரியது என்று அவருக்கு அதற்கு முன் தெரியாது.

இந்த நேரம் பார்த்து வேலை வந்தது. கொச்சியில் ஒரு கம்பெனி, தமிழ் நாவல் ஒன்றை வெப் சீரிஸாக எடுக்கப் போகிறது. இயக்குநர் இந்து, தேவிகுளத்தில் தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்த பெண். எல்லையோரச் செக்போஸ்ட் பக்கத்தில் டீக்கடை நடத்தும் மயிலாத்தாள் என்கிற விதவையின் கதை.

“நாவல்ல மயிலாத்தா வாயத் தொறக்கவே மாட்டேங்கா சார்” என்றாள் இந்து போனில். “எல்லாத்தையும் மனசுக்குள்ளயே வச்சுக்கிடுதா. நீங்கதான் அவளப் பேச வைக்கணும்.”

“எங்க வீட்டுலயும் அதே கததான்மா” என்று சொல்ல வந்து, விழுங்கிக்கொண்டார்.

பழைய பழக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து முதல் அத்தியாயத்தைப் படித்தும் பார்த்தார். கதீஜா கொஞ்ச நேரம் அவர் உதட்டையே பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவர் புத்தகத்தை அடுக்களைக்கு எடுத்துப் போகவில்லை. ஒரு மாதமாகியும் முதல் காட்சி வரவில்லை. இந்து மரியாதையாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். வேலை போனால் போகட்டும், வயதாகிவிட்டது என்று ஒதுங்கிவிடலாம். கதீஜாவின் பேச்சு இல்லாமல் மிச்ச நாளை ஓட்டுவது எப்படி என்பதுதான் அவரை அறுத்துக்கொண்டிருந்தது. அதை அவர் பலகையில் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் நோட்டீஸ் மாதிரிதான் இருந்திருக்கும்.

ஒரு காலையில் மூக்குக்கண்ணாடியைக் காணோம். மேஜையில் இல்லை, டிவி மேலே இல்லை. இந்துவுக்குப் பதில் போட வேண்டும், கண் தெரியவில்லை, எரிச்சல் உச்சியில் ஏறிவிட்டது. குஞ்சு முகம்மதுவுக்குக் கோபம் மட்டும் மலையாளத்தில் வராது. பலகையை இழுத்து, பானைபானையாக மலையாள எழுத்தில், கோணல்மாணலாக எழுதி அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்: “என் கண்ணாடிய எங்க கொண்டு போயி வெச்சுத் தொலச்ச?”

கதீஜா படித்தாள். புருவத்தை நெரித்து, உதடு அசைய, இன்னொரு தடவை படித்தாள். எழுத்து மலையாளம், சொல் அத்தனையும் தமிழ் என்பது பிடிபட்டதும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“தொலச்சது நானுங்களா? சட்டப்பையில பாருங்க.”

கண்ணாடி சட்டைப்பையில்தான் இருந்தது. எடுத்து மாட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவளும் பேசிவிட்டோமே என்று சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அவர் கேட்டுவிட்டார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, ‘ங்க’ போட்ட முழு வாக்கியம்.

அன்றைக்கே உட்கார்ந்தார். முதல் காட்சி, மலையாள எழுத்தில் தமிழ். ழகரமும் றகரமும் அங்கேயும் இருப்பதால் சிரமம் ஒன்றும் இல்லை. நாவலில் பேசாத மயிலாத்தாளுக்கு என்ன பேச்சு கொடுப்பது என்று ஒரு மாதத்துக்கு மேல் முட்டிக்கொண்டவருக்கு, அந்த எழுத்தில் எழுதத் தொடங்கியதும் வரிவரியாக வந்தது. செக்போஸ்ட்காரன் மிரட்டுகிறான், அவள் பதில் சொல்கிறாள். லாரிக்காரன் கடன் சொல்கிறான், அதற்கும் பதில் சொல்கிறாள். நான்கு நாளில் ஒரு பாகம் முழுவதும் முடிந்தது. கம்பெனிக்குத் தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதுவது அப்புறம், முதலில் இவள் பார்க்கட்டும் என்று தாள்களைக் கொண்டுபோய்க் கதீஜாவின் மடியில் வைத்தார்.

அவள் ஜன்னலோரம் நாற்காலியை நகர்த்திக்கொண்டு படித்தாள். அவர் எதிரில் உட்கார்ந்தார். எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. கை இரண்டும் தாளைப் பிடித்திருந்தன. உதடு மட்டும் அசைந்தது. முதல் தாள், இரண்டாவது தாள். நடுவில் ஓரிடத்தில் திரும்பி முந்தின தாளுக்குப் போனாள். பிடிக்கவில்லை, குழப்பிவிட்டோம் என்று நினைத்தார். பிறகு அவள் படிப்பதை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கன்னத்தில் தண்ணீர் ஓடியது.

அவர் பலகையை எடுத்து, மலையாள எழுத்தில், “நல்லா இல்லியா?” என்று எழுதிக் காட்டினார்.

கதீஜா ஒரு தாளை உருவி, ஒரு வரியில் விரலை வைத்தாள். மயிலாத்தாள் சொல்கிற வரி: ‘டீ ஆறிப்போச்சுன்னாச் சுட வெச்சுத் தர்றேனுங்க. நீங்களே ஆறிப்போயி வந்தா நான் என்ன பண்ண?’

“இது நீங்க மெட்ராஸ்ல இருந்து ரெண்டு மாசம் கழிச்சு வந்தப்ப நான் சொன்னதுங்க” என்றாள். குரல் வீட்டை நிறைத்தது. தெருவில் போன யாரோ நின்று பார்த்தார்கள்.

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். சத்தியமாக அவருக்கு நினைவில்லை. அந்த வரி மட்டுமல்ல, அடுத்ததும், அதற்கடுத்ததும் அவளுடையது. முப்பது வருஷமாக எந்தெந்த நாவலிலிருந்தோ எடுத்து இவர் பேசவைத்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே ஆள் பேசுவதைத்தான் பேசியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் அவர் மண்டையில் ஏறியது.

“நீங்க படிச்சுக் காட்டறப்ப எல்லாம் உங்க தொண்டையில கேட்டேன், நான் பேசுனதுன்னு எனக்குத் தெரியல” என்றாள் கதீஜா. “இப்ப நானாப் படிக்கறேன். மயிலாத்தா பேசறா, எனக்கு என்ற கொரலு கேக்குதுங்க. காய்ச்சலுக்கு முன்னால இருந்த அதே கொரலு.”

அவர் அந்தத் தாளை மறுபடி அவள் மடியில் வைத்தார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டாள்: “ரொம்பச் சத்தமாப் பேசறனுங்களா?”

குஞ்சு முகம்மது பலகையைத் துடைத்தார். பொய் சொல்ல மனம் வரவில்லை. பெரிதாக எழுதி அவள் பக்கம் திருப்பினார்.

“ஆமா. பேசு புள்ள.”