சிலுவை போடாத பாட்டுகள்

என் வீட்டுக்காரர் தியோடர் விவேக் நகரில் சவப்பெட்டி செய்த தச்சர். பெட்டியை மூடுவதற்கு முன்னால் இறந்தவர் மேல் ஒரு பாட்டும் பாடுவார். துக்க வீட்டில் உட்கார்ந்து எழுத வராது என்று, தெருக்காரர்கள் உயிரோடு இருக்கும்போதே, பேர் சொல்லாமல் அடையாளம் மட்டும் சொல்லி, ஆளுக்கொரு பாட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தார். எங்கள் மகள் அதிதிக்கும் ஒன்று இருந்தது.

"பெத்த பொண்ணுக்கு எழுதக் கை வந்துச்சா உங்களுக்கு?" என்று சண்டை போட்டேன்.

"எழுதி வெச்சா சாவு அவசரப்படாதுடி. வாய்விட்டுப் பாடினாத்தான் வரும். தொடங்கிட்டா ஒரு ஆளை எடுக்காம விடாது," என்றார்.

பாடி முடித்த பாட்டின் ஓரத்தில் பென்சிலால் சின்னச் சிலுவை போடுவார். போன தவக்காலத்தில் அவருடைய பாட்டின் ஓரத்தில் நான் போட்டேன்.

ஜூன் மாதம் மல்லேஸ்வரத்திலிருந்து நிருபமா வந்தாள். ஐ.டி. வேலை பார்க்கிற பெண். நண்பர்களோடு சேர்ந்து நாட்டுப்பாட்டு ஆல்பம் போடுகிறாளாம்.

"சிலுவை போடாததுதான் வேணும் ஆன்ட்டி. யாருமே கேக்காத பாட்டு. புதுசா மியூசிக் போடுறோம்," என்று பக்கங்களைப் போனில் படம் பிடித்தாள்.

அவர் பேர் வெளியே வருமே என்ற ஆசையில் தலையாட்டிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை முதல் பாட்டைப் பதிவு செய்தார்கள். அது இஸ்திரி வண்டி சுந்தரமூர்த்தி அண்ணனுடையது. வியாழக்கிழமை காலையில், இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டுக்கொண்டிருந்த அண்ணன் வண்டி மேலேயே சாய்ந்துவிட்டார்.

"எழுபத்தெட்டு வயசும்மா. பாட்டு யாரையும் கொல்லாது. ஜெபமாலை சொல்லுங்க," என்றார் பங்குச்சாமியார். சொன்னேன். விரல் மணியில் இருந்தது, மனசு நோட்டில் இருந்தது. என் பயத்தை நிருபமாவிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை அவளே போன் செய்தாள். "ரெண்டாவது பாட்டு ஆன்ட்டி, 'கன்னத்து மச்சக்காரி'. டியூன் செம்மயா வந்திருக்கு, வாங்க."

மச்சம் அதிதிக்கு. அவளுக்கு இது ஏழாம் மாதம், பிரசவத்துக்கு என்னிடம் வந்திருந்தாள்.

ஆட்டோ பிடித்துத் தொம்மலூரில் இருந்த அவர்கள் ஸ்டுடியோவுக்கு ஓடினேன். மாடி ஏறும்போதே பாட்டுச் சத்தம் கேட்டது. கதவைத் தள்ளி, "நிறுத்துங்க!" என்றேன். பாடிக்கொண்டிருந்த அவள் நண்பன் ரித்விக் திடுக்கிட்டு நின்றான்.

"எது வரைக்கும் பாடின?"

"ரெண்டு வரிதான் ஆன்ட்டி. ஏன், பிடிக்கலையா?"

இரண்டு வரி. தொடங்கியாகிவிட்டது.

"நல்லாத்தாம்பா பாடற. மச்சத்தை மட்டும் எடுத்துடு. 'முழங்கைத் தழும்புக்காரி'ன்னு முதல்லேருந்து பாடி முடி."

"யாரு ஆன்ட்டி அது?" என்றாள் நிருபமா.

"எங்க தெருவுல ஒருத்தி." கஞ்சி கொட்டிச் சுட்ட என் முழங்கையை முந்தானையால் மூடிக்கொண்டேன். கடைசி வரி முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும், அதிதி தூங்குகிறாளா என்று பார்த்துவிட்டு நோட்டை எடுத்தேன். அவள் பாட்டில் மச்சத்தை அடித்துத் தழும்பு என்று எழுதினேன். ஓரத்தில் சிலுவை போட்டேன்.

பாலன் இயேசுவே, ஆள் மட்டும் மாறிடக் கூடாது.